எண்ணெய் தீர்ந்தா வயல்தான் கதி

2025 நவம்பர் 14 அன்னிக்கு திருப்போரூர் பக்கம் விமானப்படையோட பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒண்ணு விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? விமானி பாராசூட்டில் குதிச்சுத் தப்பிச்சுட்டார். அப்போ நண்பர் ஒருத்தர் கேட்டார்: "பெட்ரோல் தீர்ந்துபோய்க்கூட விமானம் விழுமாய்யா?" அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகலை. ஆனா அவர் கேள்விக்குப் பழைய பதில் ஒண்ணு இருக்கு.

1993 நவம்பர் 15. சென்னையிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300, அங்கே ஓடுபாதை சரியாகத் தெரியாததால் இறங்காமல் மறுபடி மேலே ஏறியது. இறங்குவதற்காக நீட்டிய ஃபிளாப்புகள் உள்ளே போகவே இல்லை. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஸ்கூட்டர் ஓட்டுற மாதிரி. வேகம் குறைவு, எண்ணெய்ச் செலவு அதிகம். சென்னைக்கே திரும்பினார்கள். எண்ணெய் பத்தாதுன்னு தெரிஞ்சதும் திருப்பதிக்குத் திருப்பினார்கள். அதுவும் எட்டலை. கடைசியில் ஒரு நெல்வயலில் இறக்கினார்கள். 262 பேரும் பிழைத்தார்கள்!

சின்ன விமானத்துக்கும் இதே கணக்குதான். செஸ்னா 172 எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில் 1 கி.மீ. உயரத்திலிருந்து சுமார் 9 கி.மீ. மிதந்து போகும். மாமல்லபுரம் கடற்கரைக்கு மேலே நின்னுச்சுன்னா திருக்கழுக்குன்றம்கூட எட்டாது. அதனால்தான் முள்ளை மட்டும் நம்பாமல், கிளம்பும் முன் டேங்க்கில் குச்சி விட்டுப் பார்க்கிறார்கள்.

இப்போ செங்கல்பட்டுப் பக்கம் பஸ்ஸில் போனா வயல்களைத்தான் எண்ணிக்கிட்டு வர்றேன். பல இடத்துல பிளாட் போட்டுக் கல் நட்டுட்டாங்க. அன்னிக்கு 262 பேரைத் தாங்கினது வெறும் ஒரு வயல்தாங்க.