கடல் நடுவே ஒரு சம்பளம்: பம்பாய் ஹை வரலாறு முதல் தலைமுறைப் பொறியாளருக்குச் சொல்வது

பழைய ஒரு ரூபாய்த் தாள் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் கடலுக்கு நடுவே கால் ஊன்றி நிற்கும் ஓர் இரும்பு மேடை தெரியும். அதன் பெயர் 'சாகர் சாம்ராட்'. ஜப்பானில் கட்டப்பட்டு 1973-இல் நம் கடலுக்கு வந்த துரப்பண ரிக். 1974 பிப்ரவரியில், மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், பம்பாய் ஹை வயலில் எண்ணெயைக் கண்டது இந்த ரிக்தான்.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "கடலில் எண்ணெய் எடுக்கிற இஞ்சினியருக்கு லட்சக்கணக்கில் சம்பளமாமே, நாங்களும் போகலாமா?" தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம் யாருடைய உழைப்பால், எந்தச் சட்டத்தால் உருவானது, இன்று எந்த வழியாகக் கரைகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

தனியார் வராத இடத்தில் அரசு வந்தது

விடுதலைக்குப் பிறகும் இந்தியாவின் எண்ணெய் வணிகம் அந்நிய நிறுவனங்களின் கையில்தான் இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து சுத்திகரித்து விற்பதில் அவர்களுக்கு லாபம். இங்கே தோண்டிப் பார்ப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. அசாமுக்கு வெளியே பெரிதாக எதுவும் கிடைக்காது என்ற பேச்சே அன்று ஓங்கியிருந்தது. அந்தப் பேச்சை ஏற்காதவர்களில் முக்கியமானவர் அன்றைய அமைச்சர் கேசவ தேவ் மாளவியா. சோவியத் வல்லுநர்களின் துணையோடு 1956 ஆகஸ்ட் 14 அன்று எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம், அதாவது ஓ.என்.ஜி.சி., பிறந்தது. குஜராத்தில் 1958-இல் காம்பேயிலும் 1960-இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. அறுபதுகளில் சோவியத் ஆய்வுக் கப்பல் ஒன்று மேற்குக் கடலடியை அளந்து பம்பாய் ஹை அமைப்பை அடையாளம் காட்டியது. 1970-இல் காம்பே வளைகுடாவின் அலியாபெட்டில் முதல் கடல்கிணறு தோண்டத் தொடங்கினார்கள்.

1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. சில மாதங்களில் ஒரு பீப்பாயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த நெருக்கடியின் நடுவில்தான் பம்பாய் ஹை கிடைத்தது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் இந்தியா எடுத்த கச்சா எண்ணெயில் பாதிக்கு மேல் அந்த வயலிலிருந்து வந்தது. அப்போதுதான் 'கடல் இஞ்சினியர்' என்ற வேலையே இந்தியாவில் பெரிய அளவில் உருவானது. துரப்பணம், கிணறு பராமரிப்பு, உற்பத்தி, கடலடிக் குழாய், மின்சாரம், கருவியியல் என ஒவ்வொன்றுக்கும் ஆட்களைப் பொதுத்துறையே எடுத்து, பயிற்சி கொடுத்து, ரிக்குக்கு அனுப்பியது.

அந்தக் கதவு எப்படித் திறந்தது?

இங்கேதான் நம் வரலாறு வந்து சேர்கிறது. 1943-இல், வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. மெட்ரிக் படிப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. 1970-இல் ஒதுக்கீடு பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீதமாக உயர்ந்தது. அந்த விதி பொதுத்துறை நிறுவனங்களுக்கும் கட்டாயமானது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உதவித்தொகை இல்லையென்றால் பொறியியல் பட்டம் இல்லை. பொதுத்துறை இல்லையென்றால் ரிக்கில் வேலையே இல்லை. ஒதுக்கீடு இல்லையென்றால் அந்த வேலைக்கான பட்டியலில் நம் பெயர் இல்லை. நிலமில்லாத கூலிக் குடும்பத்துப் பிள்ளை ஹெலிகாப்டர் ஏறி நடுக்கடலில் போய் இறங்கியது எண்ணெய்த் தொழிலின் பெருந்தன்மையால் அல்ல. அரசு முதலாளியாக இருந்ததால், அந்த முதலாளியைச் சட்டம் கட்டுப்படுத்தியதால்.

சம்பளத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஓ.என்.ஜி.சி.யில் பொறியியல் பட்டதாரி சேரும் முதல் படி உதவிச் செயற்பொறியாளர், அதாவது இ-1. 2007 ஊதியத் திருத்தத்தில் அதன் அடிப்படைச் சம்பளம் 24,900 ரூபாயில் தொடங்கியது. 2017 திருத்தத்தில் 60,000-இல் தொடங்கி 1,80,000 வரை போகிறது. ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி உண்டு. இவை தவிர அடிப்படைச் சம்பளத்தில் 35 சதவீதம் வரை இதர படிகள். லாபத்தைப் பொறுத்து செயல்திறன் ஊதியம். கடலில் பணி என்றால் அதற்கென்று தனிப்படி. மருத்துவம், ஓய்வூதியம் வேறு.

"மாதத்தில் பாதி நாள்தான் வேலை" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 நாள் கடல், 14 நாள் விடுப்பு என்பது வழக்கமான சுழற்சி. கடலில் ஒரு நாள் வேலை 12 மணி நேரம். ஆக 28 நாளில் 168 மணி. வாரம் ஐந்து நாள், தினம் எட்டு மணி வேலை செய்யும் அலுவலக ஊழியர் அதே 28 நாளில் பார்ப்பது 160 மணி. கடல் இஞ்சினியருக்கு யாரும் சும்மா கொடுக்கவில்லை. இரவுப் பணி, இரைச்சல், காலடியில் எரிவாயு, குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கிளம்பி வர முடியாத தூரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம்.

வாசலில் உண்டு, படிக்கட்டில் இல்லை

உதவிச் செயற்பொறியாளராகச் சேர்ந்தவர் செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர், பொது மேலாளர் என்று படிப்படியாக ஏறலாம். உச்சியில் செயல் இயக்குநரும் இயக்குநர் குழுவும். காகிதத்தில் எல்லோருக்கும் ஒரே ஏணிதான். ஆனால் தேர்வுமுறையில் நடக்கும் பதவி உயர்வில் இடஒதுக்கீடு 'ஏ' பிரிவின் கடைசிப்படி வரைக்கும்தான். அதற்கு மேல் சில சலுகைகள் மட்டுமே. பொறியாளர் நுழையும் இடமே அந்தக் கடைசிப்படி. அப்படியானால் அவருடைய முப்பது ஆண்டுப் பணிவாழ்வில் ஒதுக்கீடு துணை நிற்பது சேரும் நாளில் மட்டும்தான்.

பதவி உயர்வில் ஒதுக்கீட்டுக்கான போராட்டமும் நீண்டது. 1992-இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. 1995-இல் 77-ஆம் திருத்தமும் 2001-இல் 85-ஆம் திருத்தமும் அதை மீட்டன. 2006-இல் நாகராஜ் வழக்குத் தீர்ப்பு மறுபடி நிபந்தனைகள் போட்டது. இத்தனைக்குப் பிறகும் அதிகாரி ஏணியின் மேல்பாதி ஒதுக்கீட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. அங்கே தீர்மானிப்பது ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் நேர்காணலும். மேலதிகாரியின் பேனா சாதி பார்க்காது என்று நம்பச் சொல்கிறார்கள். சமூகவியல் படித்தவர்களாக மட்டுமல்ல, இந்தச் சமூகத்தில் வாழ்பவர்களாகவும் நாம் அதை நம்புவது கடினம்.

1991-க்குப் பிறகு

தாராளமயம் வந்ததும் காட்சி மாறியது. 1993-இல் ஓ.என்.ஜி.சி. கம்பெனியாக்கப்பட்டது. அதே ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்த பன்னா-முக்தா, தப்தி வயல்கள் 1994-இல் ஒரு கூட்டு முயற்சிக்குப் போயின. ரிலையன்ஸுக்கு 30 சதவீதம், அமெரிக்காவின் என்ரானுக்கு 30 சதவீதம், கண்டுபிடித்தவருக்கு 40 சதவீதம். அடுத்து வந்த புதிய உரிமக் கொள்கை, புதிய வயல்களுக்கான ஏலத்தில் தனியாரையும் பொதுத்துறையையும் ஒரே தட்டில் நிறுத்தியது. ஒரே தட்டு என்றார்கள். ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கீட்டுக் கடமை உண்டு, மறுபக்கத்துக்கு இல்லை.

பொதுத்துறைக்குள்ளேயே இன்னொரு மாற்றமும் நடந்தது. தொண்ணூறுகளில் 40,000-ஐத் தாண்டியிருந்த ஓ.என்.ஜி.சி. நிரந்தர ஊழியர் எண்ணிக்கை இன்று 30,000-க்கும் கீழே. வேலை குறையவில்லை. ரிக்கை வாடகைக்கு எடுப்பது, கிணற்றுச் சேவையை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது, கட்டுமானத்தை ஒப்பந்தத்துக்கு விடுவது என்று வேலை கைமாறியது. 2001-இல் 'செயில்' வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்கும்போது இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு நிரந்தரப் பணியிடம் ஒப்பந்தமாக மாறும்போதும் 15 சதவீதத்தில் ஒரு துளி சத்தமில்லாமல் ஆவியாகிறது. யாரும் ஒதுக்கீட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. ஒதுக்கீடு பொருந்தும் வேலைகளைக் குறைத்தாலே போதும்.

விலை ஏறும்போதும் விழும்போதும்

2008 ஜூலையில் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் தனியாரும் வளைகுடா நிறுவனங்களும் அதிகச் சம்பளம் காட்டி அனுபவமுள்ள பொதுத்துறைப் பொறியாளர்களை இழுத்தன. மிஞ்சியிருந்தவர்கள் ஊதியத் திருத்தம் போதவில்லை என்று 2009 ஜனவரி 7-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடெங்கும் பெட்ரோல் பங்குகள் வறண்டன. அரசு கைது, பணிநீக்கம் என்று மிரட்டியது. மூன்றாம் நாளே போராட்டம் முடிந்தது. அதிகாரிகள் கை நிறுத்தினால் மூன்றே நாளில் நாடு திணறும் என்பதை அது காட்டியது.

பிறகு விலை விழுந்தது. 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. உலகெங்கும் சேவை நிறுவனங்கள் பொறியாளர்களைக் கொத்துக்கொத்தாக வெளியேற்றின. நாள் கூலிக் கணக்கில் டாலரில் சம்பாதித்த ஆலோசகருக்கு, ரிக் நின்ற மறுநாளே வருமானம் நின்றது. நிரந்தர வேலையில் இருந்தவருக்கோ மாதச் சம்பளம் நிற்கவில்லை. தாத்தா வைத்துவிட்டுப் போன வீடும் நிலமும் உள்ளவருக்கு அந்த இரண்டு ஆண்டுகள் ஓய்வு. கல்விக்கடனோடு வந்த முதல் தலைமுறைக்கு அது பள்ளம். சம்பளத்தின் அளவை மட்டும் பார்த்து வேலையை மதிப்பிட நம்மால் முடியாததற்குக் காரணம் இதுதான்.

கடல் யாரை எடுத்துக்கொள்கிறது?

2005 ஜூலை 27. மும்பை வெள்ளத்தில் மூழ்கிய மறுநாள். 'சமுத்ர சுரக்ஷா' கப்பலில் ஒரு சமையல்காரரின் விரல்கள் வெட்டுப்பட்டன. மழையால் ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. அவரைச் சிகிச்சைக்காக பி.எச்.என். மேடைக்கு மாற்றக் கப்பல் நெருங்கியபோது எரிவாயுக் குழாயில் மோதியது. தீப்பற்றி இரண்டு மணி நேரத்துக்குள் மேடை சரிந்தது. 362 பேர் மீட்கப்பட்டார்கள், 22 பேர் இறந்தார்கள். கடல் பணிகளுக்கான தனிப் பாதுகாப்பு விதிகள் அதற்குப் பிறகு, 2008-இல் வந்தன. 2018 ஜனவரியில் மும்பைக்கு அருகே விழுந்த ஹெலிகாப்டரில் இறந்த ஏழு பேரில் ஐவர் ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள். பெரிய பதவி கடலிடமிருந்து யாரையும் காப்பாற்றவில்லை.

ஆனாலும் ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2021 மே 17 அன்று டவ்-தே புயலில் மூழ்கிய பி-305 மிதவைக் கப்பலில் இருந்தவர்கள் 261 பேர். ஒப்பந்தத்தில் வந்த பொறியாளர்கள், வெல்டர்கள், ஃபிட்டர்கள், உதவியாளர்கள். 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயல் வரும் என்று வானிலைத் துறை முன்பே சொல்லியிருந்தது. ஆனாலும் மிதவை வயலைவிட்டுத் துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. வேலை ஓ.என்.ஜி.சி. வயலில். சம்பளச் சீட்டில் வேறு பெயர். 2009-இல் அதிகாரிகள் காட்டிய பலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவர்களிடம் இல்லை. ஆபத்து வந்தபோது "கிளம்புகிறோம்" என்று சொல்லும் உரிமை அவர்களில் யாருக்கு இருந்தது?

அதனால் தோழர்களே

படியுங்கள், கேட் தேர்வு எழுதுங்கள், கடலுக்குப் போங்கள். நாம் இல்லாத துறை எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் வேலைக்கான கடிதம் கையில் வரும்போது சம்பள எண்ணைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதலாளி யார், வயலின் உரிமையாளரா, ஒப்பந்தக்காரரா? கரையில் இருக்கும் நாட்களுக்கும் சம்பளம் உண்டா? விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? சங்கத்தில் சேர முடியுமா?

அமைப்பாக நாம் கேட்க வேண்டியவையும் உண்டு. நிரப்பப்படாத ஒதுக்கீட்டுப் பணியிடங்களின் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பொதுத்துறை ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்களுக்கும் தனியார் எண்ணெய் நிறுவனங்களுக்கும் இடஒதுக்கீடு வேண்டும் என்போம். நிரந்தர அதிகாரிகளின் சங்கங்கள் ஒப்பந்தத் தொழிலாளரின் உயிருக்காகவும் பேச வேண்டும் என்று, அந்தச் சங்கங்களில் இருக்கும் நம்மவர்களிடமே முதலில் கேட்போம். பம்பாய் ஹையின் எண்ணெய் நாட்டின் பொதுச் சொத்து. அதை எடுக்கும் வேலையிலும், அந்த வேலை தரும் வாழ்விலும் நமக்குப் பங்கு உண்டு. யாரும் இரங்கித் தருவதாக அதை நினைக்காமல், உரிமையாகவே கேட்போம்.