ஸ்லைடு வராத விரல்கள்

கிதார் கற்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய விபத்தொன்றில் அடிபட்ட என் இடது மோதிர விரல் முழுசாக மடங்காது. ஸ்வரம் சரியாகத்தான் விழுகிறது, ஆனா அதில் உயிர் இல்லை. இந்த உயிர் எங்கிருந்து வருதுன்னு தேடினதில் கிடைத்த குறிப்புகள் இவை.

வீணையில் கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிதாரிலும் அதே வேலைதான். இழுத்தால் இறுக்கம் கூடும், ஸ்வரம் ஏறும். இதுதான் பெண்டிங். திரும்பத் திரும்ப லேசாக இழுத்து விட்டால் வைப்ராட்டோ. ஸ்லைடில் கம்பியை அழுத்துவதே இல்லை. கண்ணாடியோ இரும்போ அதன்மேல் வழுக்கிப் போகும்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு கிதாரை மடியில் கிடத்தி, இரும்புத் துண்டைக் கம்பிமேல் நகர்த்தி வாசித்தார். 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய் அந்த ஒலியைப் பரப்பினார். மிசிசிப்பியிலோ கறுப்பினச் சிறுவர்கள் சுவரில் ஒற்றைக் கம்பியை அடித்து, அதன்மேல் பாட்டிலைத் தேய்த்து விளையாடினார்கள். டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கிதார் கம்பியில் கத்தியை அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ.சி. ஹேண்டி 1941இல் வந்த சுயசரிதையில் எழுதுகிறார். எது எதிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1925இல் மிசிசிப்பியில் பிறந்த பி.பி. கிங், 1946இல் மெம்ஃபிஸுக்குப் போய் அம்மா வழிச் சொந்தக்காரரான புக்கா வைட்டிடம் தங்கினார். புக்கா ஸ்லைடில் கெட்டிக்காரர். கிங்குக்கு அந்த ஒலிமேல் ஆசை, ஆனா எவ்வளவு முயன்றும் ஸ்லைடு கைக்கு வரவில்லை. சரி, வெறும் விரலால் அந்த நடுக்கத்தைக் கொண்டுவர முடியுமான்னு பார்த்தார். பிற்காலத்தில் அவரே பல பேட்டிகளில் சொன்ன விஷயம் இது.

அவர் கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் கிதாரின் கழுத்தை விட்டு விலகியிருக்கும். ஆள்காட்டி விரல் மட்டும் அச்சாக ஊன்றியிருக்க, மணிக்கட்டுத் திரும்பத் திரும்ப மொத்தக் கையும் பட்டாம்பூச்சி மாதிரிப் படபடக்கும். 1964இல் சிகாகோவில் பதிவான 'லைவ் அட் த ரீகல்' கேட்டால் தெரியும்: அவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், மிச்சத்தைக் கிதார் பாடும்.

கம்பியும் ஒத்துழைக்கணும். 1950களில் கடையில் கிடைத்த செட்டுகளில் மூன்றாவது கம்பி உலோகச் சுருள் சுற்றிய தடித்த கம்பி. அதை வளைப்பது பெரும்பாடு. சிலர் மெல்லிய பேன்ஜோ கம்பியை மாட்டிச் சமாளித்தார்கள். மெல்லிய கம்பி செட்டுகள் 1960களில்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன.

பெண்டிங் பழகுவதில் எனக்கு உதவியது ஒரே வழி. இரண்டு கட்டம் தள்ளி இருக்கும் ஸ்வரத்தை முதலில் வாசித்துக் காதில் வாங்கிக்கணும். பிறகு பழைய இடத்துக்கு வந்து, அந்த ஸ்வரம் வரும்வரை கம்பியைத் தள்ளணும். இதை மோதிர விரலால் செய்யச் சொல்வார்கள், நடுவிரல் துணைக்கு நிற்கும். என் விரலுக்கு அது பாதி வழிதான் போகிறது.

ஆனா வைப்ராட்டோவுக்கு ஆள்காட்டி விரல் போதும்னு கிங் காட்டிவிட்டாரே. நேற்று ராத்திரி கட்டைவிரலை எடுத்துவிட்டு, ஒரே ஸ்வரத்தை அரை மணி நேரம் அசைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து மனைவி, "யாரு அழறா?"ன்னு கேட்டாள்.

இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் பாராட்டு.