தோல் பராமரிப்புப் பொருள்களில் பாதுகாப்புக் குறிப்புகள்: வரலாறும் மலேசியச் சூழலும்

முன்னுரை

முகத்தில் பூசும் களிம்பின் சிறு புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன்மீது பலவகையான சொற்களும் எண்களும் முத்திரைகளும் நெருக்கமாக அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ‘தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது’, ‘ஒவ்வாமை குறைந்தது’, ‘விலங்குகள்மீது சோதிக்கப்படாதது’, ‘சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்றது’ என்பன போன்ற தொடர்கள் அனைத்தும் வாங்குவோருக்கு ஒரே விதமான நம்பிக்கையைத் தருகின்றன. ஆனால் இவை ஒரே தன்மையன அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு சிக்கலையொட்டித் தோன்றியது. அவற்றுள் சிலவற்றுக்குச் சட்டத்தின் பின்புலம் உண்டு. சிலவற்றுக்கு அறிவியல் முறைமையின் பின்புலம் உண்டு. எஞ்சியவற்றுக்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு பின்புலம் இல்லை. இவ்வேறுபாட்டை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, மலேசியத் தமிழ்ச் சமூகத்துக்கு அது எவ்வகையில் இன்றியமையாதது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குப் பண்டார் தெங்காராவை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ‘தெங்காரா’ எனும் மலாய்ச் சொல் தென்கிழக்கு எனப் பொருள்படும். 1972ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ‘கெஜோரா’ எனும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் வட்டார வளர்ச்சித் திட்டங்களோடு உருவான நகரங்களுள் இதுவும் ஒன்று. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இத்தகைய சிறு நகரங்களில் வாழ்வோர் முகக்களிம்பை மருந்தகத்தில் மட்டுமன்றி மளிகைக் கடையிலும் இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் வாங்குகின்றனர். அங்கெல்லாம் வாங்குபவருக்கும் பொருளுக்கும் இடையில் மருந்தாளர் எவரும் நிற்பதில்லை; புட்டியின்மேல் ஒட்டிய அடையாளச் சீட்டு ஒன்றே துணை.

சோதனை எனும் கருத்தின் தோற்றம்

தோலில் ஒரு பொருளைச் சிறிதளவு வைத்துப் பார்த்து அதன் விளைவை அறியும் முறையை மருத்துவ உலகுக்கு முறைப்படி வழங்கியவர் யோசப் யாடாசோன் ஆவார். பிரெஸ்லாவ் நகரில் பணியாற்றிய இத்தோல் மருத்துவர் 1895ஆம் ஆண்டில் கிராட்ஸ் நகரில் நடைபெற்ற மாநாட்டில் தம் முறையை எடுத்துரைத்தார். அவர் ஆராய்ந்தது பாதரசம் கலந்த மருந்தினால் தோலழற்சிக்கு உள்ளானவர்களையே என்பது நம் கவனத்துக்குரியது. இன்று நம் சந்தைகளில் பெருங்கேடாக விளங்கும் அதே உலோகத்தை முன்னிட்டே தோல் ஒட்டுச்சோதனை பிறந்தது எனலாம்.

மருத்துவத்தில் தோன்றிய சோதனை வணிகத்துக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் 1906ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டம் அழகுசாதனப் பொருள்களை உள்ளடக்கவில்லை. 1933ஆம் ஆண்டில் ‘லேஷ் லூர்’ எனும் கண்ணிமைச் சாயத்தால் பெண்கள் சிலர் பார்வை இழந்தனர், ஒருவர் உயிரிழந்தார். அச்சாயத்தைச் சந்தையிலிருந்து அகற்ற அரசுக்கு அப்போது அதிகாரம் இல்லை. இத்தகைய கேடுகளே 1938ஆம் ஆண்டில் அழகுசாதனப் பொருள்களையும் உட்படுத்திய புதிய சட்டம் இயற்றப்படுவதற்கு உந்துதலாயின. அச்சட்டத்தின்கீழ் முதன்முதலாகக் கைப்பற்றப்பட்ட பொருளும் லேஷ் லூரே ஆகும். இன்று தலைமுடிச் சாயப் பெட்டிகளில் ‘கண்ணிமைக்குப் பயன்படுத்தாதீர்’ என அச்சிடப்படும் எச்சரிக்கையை நாம் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறோம். அவ்வொரு வரிக்குப் பின்னால் இழந்த கண்கள் உள்ளன.

1944ஆம் ஆண்டில் ஜான் டிரெய்ஸ் எனும் அமெரிக்க நச்சியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் முயல்களின் கண்ணிலும் தோலிலும் பொருள்களை இட்டுச் சோதிக்கும் முறையை வெளியிட்டனர். பல பத்தாண்டுகள் அதுவே அளவுகோலாக விளங்கியது. பின்னர் அம்முறையின் கொடுமைக்கு எதிராக எழுந்த இயக்கம் சட்டங்களையும் மாற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004, 2009, 2013 ஆகிய மூன்று கட்டங்களில் தடை முழுமை பெற்றது. இந்தியா 2014ஆம் ஆண்டில் இச்சோதனைக்கும் அவ்வாறு சோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்களின் இறக்குமதிக்கும் தடை விதித்தது. ஆகவே, சீட்டில் காணப்படும் முயல் முத்திரை விலங்குகள்பால் காட்டிய அறத்தைச் சுட்டுவது. அப்பொருள் மனிதத் தோலுக்குத் தீங்கற்றது என அது கூறவில்லை.

சட்டம் வரையறுக்காத சொற்கள்

‘ஒவ்வாமை குறைந்தது’ எனும் தொடரின் வரலாறு நமக்கு நல்லதொரு பாடமாகும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1975ஆம் ஆண்டில் இத்தொடரைப் பயன்படுத்த விரும்பும் நிறுவனங்கள் ஒப்பீட்டுச் சோதனைகளால் அதனை மெய்ப்பிக்க வேண்டும் என விதி வகுத்தது. அல்மே, கிளினிக் ஆகிய இரு நிறுவனங்களும் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1977ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அன்றுமுதல் அந்நாட்டில் இத்தொடருக்குக் கூட்டரசு வகுத்த வரையறை இல்லை. அச்சொல்லை நம்பி வாங்குபவர், தயாரித்தவர் கருதிய பொருளையே விலைகொடுத்து வாங்குகிறார்.

‘தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது’ என்பதும் இத்தகையதே. எத்தனை பேர்மீது, எத்தனை நாள், எந்தத் தோல் தன்மையினர்மீது சோதிக்கப்பட்டது, முடிவு யாது என்னும் வினாக்களுக்கு அத்தொடரில் விடையில்லை. சோதிக்கப்பட்டது என்பது தேறியது எனப் பொருள்படாது என்பதை ஆசிரியர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, வெயில்காப்புக் களிம்புகளில் காணப்படும் காப்பு எண் வரையறுக்கப்பட்ட சோதனையின் முடிவாகும். மனிதத் தோலில் செயற்கை ஒளியைச் செலுத்தித் தோல் சிவக்கும் அளவைக் கணக்கிடும் முறை 2010ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 24444 எனும் அனைத்துலகத் தரமாக வெளியிடப்பட்டது. ஒரே புட்டியில் அச்சிடப்பட்ட இருவேறு கூற்றுகளுள் ஒன்று அளவையால் பெற்றதாகவும் மற்றொன்று வெறும் அடைமொழியாகவும் இருக்கக்கூடும் என்பதே நாம் இங்கு உணர வேண்டியது.

மலேசியாவில் ஒழுங்குமுறையின் வளர்ச்சி

மலேசியாவில் இத்துறையின் சட்ட அடிப்படை 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டமாகும். தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம் 1978ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவில் தோற்றுவிக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டில் மருந்து, அழகுசாதனப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் இயற்றப்பட்டு, மறு ஆண்டில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரத் தரப்பு நிறுவப்பெற்றது. அந்த ஆய்வுக்கூடம் பின்னாளில் பணியகமாக வளர்ந்து, 2016ஆம் ஆண்டில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

அழகுசாதனப் பொருள்களைப் பதிவு செய்யும் முறை 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆயினும் அது நெடுநாள் நீடிக்கவில்லை. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் நோம் பென்னில் ஆசியான் நாடுகள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதன்வழி 2008ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் பதிவு முறை நீங்கி அறிவிப்பு முறை நடைமுறைக்கு வந்தது.

இம்மாற்றம் பெயரளவினது அன்று. பதிவு முறையில், பொருள் சந்தைக்கு வருமுன் அதிகாரத் தரப்பு அதனை மதிப்பிடும். அறிவிப்பு முறையில், தம் பொருள் விதிகளுக்கு உட்பட்டது என நிறுவனமே உறுதிமொழி அளிக்கிறது. பாதுகாப்பு மதிப்பீடு அடங்கிய ஆவணக் கோப்பினை அந்நிறுவனம் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். அதிகாரத் தரப்பு பொருள் சந்தைக்கு வந்தபின்னரே மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறது. அறிவிக்கப்பட்ட பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ எனத் தொடங்கி ‘கே’ என முடியும் எண் வழங்கப்படுகிறது. அரசின் மதிப்பீட்டுக்குப் பின் பதிவு பெறும் மருந்துகளுக்கு உரியது ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் எண்ணாகும்.

விற்பனை விளம்பரங்களில் பரவலாகக் காணப்படும் ‘லுலுஸ் கே.கே.எம்.’ எனும் தொடர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. அறிவிப்பு என்பது அமைச்சின் அங்கீகாரம் அன்று என அதிகாரத் தரப்பே தெளிவுபடுத்தியுள்ளது. அவ்வெண் பொருளைச் சோதித்ததற்கான சான்றன்று. அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதற்கான சான்று. எனினும் அதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. கேடு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு விடை அதில்தான் உள்ளது. மேலும், ‘என்.ஓ.டி.’ எண் தாங்கிய களிம்பு ஒன்று தோல் நோயைக் குணப்படுத்தும் எனக் கூறுமாயின், அது அழகுசாதனப் பொருளின் எல்லையை மீறிய கூற்று என உடனே அறியலாம்.

பாதரசமும் சீட்டின் மௌனமும்

சீட்டு வாசிப்பின் எல்லையைக் காட்டுவது பாதரசமாகும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. ஆதலின் குறுகிய காலத்தில் தோல் வெளுத்துத் தோன்றுகிறது. அதே வேளையில் அந்நஞ்சு தோலின் வழியே உடலுட்சென்று சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது. பூசியவரின் துணி, துவாலை, கை ஆகியவற்றின் வழியே வீட்டுக் குழந்தைகளையும் சென்றடைகிறது. ஆசியான் விதிகள் பாதரசத்தைச் சேர்மானமாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்துள்ளன. மாசாகக் கலக்கக்கூடிய அளவு பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஜப்பானின் மினமாத்தா நகரில் நிகழ்ந்த பேரிடரின் பெயரால் 2013ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அனைத்துலக ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு மாநாட்டில், பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனப் பொருள்களையும் 2025க்குள் ஒழிக்க முடிவு செய்யப்பட்டது.

இவ்வளவு தடைகளுக்குப் பின்னரும் மலேசிய அதிகாரத் தரப்பு பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் முதலியன கலந்த களிம்புகளைக் கண்டறிந்து, அவற்றின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அறிவிப்பை நீக்கி வருகின்றது. இக்குற்றம் புரியும் தனிமனிதருக்கு முதன்முறை 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் அபராதம் 50,000 ரிங்கிட் வரை உயரும்.

நஞ்சைக் கலப்பவர் அதனைச் சீட்டில் அச்சிடுவதில்லை. எனவே எழுதப்பட்டதைப் படிப்பதோடு எழுதப்படாததையும் படிக்கக் கற்க வேண்டும். விதிகளின்படி பொருளின் பெயர், பயன், சேர்மானப் பட்டியல், தயாரித்த நாடு, பொறுப்பேற்கும் நிறுவனத்தின் முகவரி, நிகர எடை, தொகுதி எண், தயாரிப்பு அல்லது காலாவதி நாள், எச்சரிக்கை ஆகியன இடம்பெற வேண்டும். இவற்றுள் முகவரியோ தொகுதி எண்ணோ சேர்மானப் பட்டியலோ இல்லாத புட்டி, எத்துணை விரைவான வெண்மையை வாக்களித்தாலும் ஒதுக்கத்தக்கது. பொன், வெள்ளி அணிகலன்கள்மீது படாதவாறு பூசுக எனும் அறிவுரை காணப்பட்டால் பாதரசத்தை ஐயுற வேண்டும். அறிவிப்பு எண்ணை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடி, பொருளின் பெயரும் நிறுவனமும் பொருந்துகின்றனவா எனவும் பார்க்கலாம்.

மொழியும் வாசிப்பும்

நம் நாட்டுச் சந்தையில் சீட்டுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகின்றன. சேர்மானங்களோ அனைத்துலகப் பெயரீட்டு முறையின்படி இலத்தீன், வேதியியல் பெயர்களில் உள்ளன. தலைமுறை தலைமுறையாகச் செம்பனைக் குலை அறுத்த குடும்பத்தினர்கூட ‘எலேயிஸ் குயினென்சிஸ்’ எனும் பெயரில் தாம் அறுத்த பழத்தின் எண்ணெயே குறிக்கப்படுகிறது என அறியார். ‘குர்குமா லோங்கா’ நம் அடுக்களை மஞ்சளே என்பதும் பலருக்குத் தெரியாது. அறிந்த பொருளே அறியாத பெயரில் வரும்போது, அறியவேண்டிய நஞ்சின் பெயரை இனங்காண்பது மேலும் அரிதாகிறது.

இவ்விடைவெளியை நிரப்பத் தமிழில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை நெடுங்காலம் தலைமையேற்று வழிநடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், தமிழிலும் பயனீட்டாளர் கல்வியை வளர்த்ததோடு வெளுப்புக் களிம்புகளின் கேட்டையும் எடுத்துரைத்து வந்துள்ளது. ஆனால் இயக்கத்தின் குரல் வகுப்பறையில் தொடர்ந்தாலன்றிச் சிறு நகரங்களின் வீடுகளைச் சென்றடைவது கடினம். கருத்துணர்தல் பயிற்சிக்கு ஒரு களிம்புப் புட்டியின் சீட்டையே பனுவலாகக் கொள்ளலாம். எது சட்டம் கோரும் தகவல், எது அளவையால் பெற்ற முடிவு, எது வெறும் விற்பனை மொழி எனப் பகுத்தறியும் மாணவர், அத்திறனை இல்லத்துக்கும் எடுத்துச் செல்வார்.

முடிவுரை

பாதுகாப்புக் குறிப்புகளின் வரலாறு, கேடு முந்தியும் சட்டம் பிந்தியும் வந்ததைக் காட்டுகிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின் மலேசியாவில் சந்தைக்கு முந்திய காவலின் ஒரு பகுதி நிறுவனத்தின் உறுதிமொழியிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய பகுதி வாங்குபவரின் விழிப்பின்மேல் விழுந்துள்ளது. அவ்விழிப்பு எழுத்தறிவைச் சார்ந்தது. பெருநகரத்தில் மருந்தாளரை அணுகக்கூடியவருக்கும் பண்டார் தெங்காராவின் சந்தையில் புட்டியோடு தனித்து நிற்பவருக்கும் சட்டம் ஒன்றே. பாதுகாப்பு ஒன்றாக இல்லை. இவ்வேற்றுமையைக் குறைக்கும் பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.