கலப்பினத் தானுந்து

கலப்பினத் தானுந்து அல்லது ஹைபிரிட் கார் என்பது உள் எரி பொறி, மின்னோடி ஆகிய இரண்டின் ஆற்றலையும் கொண்டு இயங்கும் தானுந்து ஆகும். எரிபொருட் சிக்கனமே இதன் முதன்மையான நோக்கம். எனினும் அச்சிக்கனம் எல்லா இடங்களிலும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. நாள்தோறும் செல்லும் தொலைவு, சாலையின் தன்மை, தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து அது பெரிதும் வேறுபடும். இவ்வேறுபாடு இக்கட்டுரையில் இரு எடுத்துக்காட்டுகளால் விளக்கப்படுகிறது. ஒன்று, பனிப்பொழிவே இல்லாத தென்காசி மாவட்டம். மற்றொன்று, தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் டொராண்டோ நகரம்.

வரலாறு

1900ஆம் ஆண்டளவிலேயே ஃபெர்டினாண்ட் போர்சே இவ்வகை ஊர்தியை உருவாக்கினார். எனினும், பேரளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் கலப்பினத் தானுந்து டொயோட்டா பிரியஸ் ஆகும். இது 1997 திசம்பரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் 2008இலும், பிரியஸ் 2010இலும் அறிமுகமாயின. இவை விலை மிகுந்திருந்தமையால் பரவலாகவில்லை. 2022இல் ஹோண்டா சிட்டி, மாருதி சுசுக்கி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவற்றின் கலப்பின வகைகள் வந்த பின்னரே நடுத்தர வகுப்பினர் இவற்றை வாங்கத் தொடங்கினர்.

இயங்குமுறை

வழக்கமான தானுந்தில் பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. கலப்பினத் தானுந்தில் அப்போது மின்னோடி மின்னாக்கியாகச் செயல்பட்டு, அவ்வாற்றலில் ஒரு பகுதியை மின்கல அடுக்கில் சேமிக்கிறது. நின்று புறப்படும்போதும் மெதுவாக ஊரும்போதும் அம்மின்சாரம் பயன்படுவதால் பொறி அணைந்திருக்க முடிகிறது.

இவற்றில் மூன்று வகைகள் உண்டு. மென் கலப்பினத்தில் மின்னோடி பொறிக்குத் துணை மட்டுமே செய்யும். முழுக் கலப்பினம் சிறிது தொலைவு மின்சாரத்தால் மட்டுமே ஓடவல்லது. செருகு கலப்பினத்தை வெளி மின்சாரத்தால் மின்னேற்றலாம். இக்கட்டுரையில் இனிக் கூறப்படுவன முழுக் கலப்பினத்துக்கு உரியவை.

தென்காசியில்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிகளுக்குச் செல்லும் சாலைகளில் ஊர்திகள் ஊர்ந்து செல்வது வழக்கம். இத்தகைய நெரிசலிலேயே கலப்பினத் தானுந்து மிகுந்த பயன் தரும். குளிரூட்டியும் மின்சாரத்தால் இயங்குவதால், அதற்காகப் பொறி தொடர்ந்து ஓட வேண்டியதில்லை.

இதற்கு மாறாக, திருவேங்கடம் வட்டத்தின் சமவெளிச் சாலைகளிலோ தென்காசி–திருநெல்வேலி சாலையிலோ சீரான வேகத்தில் செல்பவருக்குப் பிரேக் பிடிக்கும் தேவை குறைவு. ஆதலால் மீட்கப்படும் ஆற்றலும் குறைவு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகச் செல்லும் மலைப்பாதையின் இறக்கத்தில் ஆற்றல் மீட்கப்படும். ஆனால் மின்கல அடுக்கு சிறியது என்பதால், அது நிறைந்தபின் மேலும் சேமிக்க இயலாது.

மார்கழி மாதத்துப் பனி இங்கு ஒரு பொருட்டன்று. அது இலைகளிலும் கண்ணாடியிலும் படியும் பனித்துளியே தவிர உறைபனி அன்று.

பனிப்பொழிவு உள்ள நாடுகளில்

டொராண்டோவில் சனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும். கடுங்குளிரில் மின்கல அடுக்கு மின்சாரத்தை ஏற்பதும் தருவதும் குறைகின்றன. அத்துடன், தானுந்தின் உட்பகுதியைச் சூடாக்கப் பொறியின் வெப்பம் தேவைப்படுவதால், பொறி அடிக்கடி அணைந்திருக்க முடிவதில்லை.

அமெரிக்க ஆற்றல் துறையின் கணிப்பின்படி, நகருக்குள் ஓடும் பெட்ரோல் தானுந்தின் சிக்கனம், 25 பாகை செல்சியசில் இருப்பதைவிட −7 பாகையில் ஏறத்தாழ 15% குறைகிறது. கலப்பினத்தில் இவ்வீழ்ச்சி 30 முதல் 34% வரை ஆகும். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 12 கி.மீ. தரும் பெட்ரோல் தானுந்து குளிரில் ஏறத்தாழ 10 கி.மீ. தரும். 20 கி.மீ. தரும் கலப்பினம் ஏறத்தாழ 13.5 கி.மீ. தரும். அதாவது, கலப்பினம் அப்போதும் முன்னிற்கிறது. ஆனால் 8 கி.மீ. இடைவெளி 3.5 கி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது.

பனியில் வழுக்காமல் செல்வது வேறு செய்தி. அதனை முதன்மையாக முடிவு செய்வது டயரே. ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே வழக்கமான டயரின் இரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். குளிர்கால டயரின் இரப்பர் இறுகாது. கியூபெக் மாகாணத்தில் திசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவ்வகை டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் பொதுவாகக் கட்டாயமில்லை எனினும், 2016 முதல் இதனைப் பொருத்துவோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. நான்கு சக்கர இயக்கமுள்ள கலப்பினங்கள் பனியில் புறப்பட உதவும். ஆனால் நிற்பதற்கு அவ்வியக்கம் உதவாது.

செலவுக் கணக்கு

கலப்பின வகையின் விலை 2,00,000 ரூபாய் கூடுதல் என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், சிக்கனம் லிட்டருக்கு 15 கி.மீ.க்குப் பதிலாக 22 கி.மீ. என்றும் கொள்வோம்.

- ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 255 லிட்டர் மிச்சமாகும். கூடுதல் விலை ஏறத்தாழ 8 ஆண்டுகளில் ஈடாகும்.
- நாளுக்கு 12 கி.மீ. வீதம் 300 நாட்கள், அதாவது 3,600 கி.மீ. மட்டுமே ஓடினால் 76 லிட்டர் மிச்சமாகும். ஈடாக 26 ஆண்டுகள் ஆகும்.

இந்தியாவில் மேற்கூறிய 2022ஆம் ஆண்டு வகைகளின் மின்கல அடுக்குக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. எனவே இரண்டாமவருக்கு, உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் முதலீடு திரும்பாது.

வாங்குமுன் கருத வேண்டியவை

- ஆண்டுக்கு ஓடும் மொத்தத் தொலைவு
- அதில் நெரிசலான நகரச் சாலையின் பங்கு
- ஒவ்வொரு பயணத்தின் நீளம் (குளிர்நாடுகளில் இது இன்றியமையாதது)
- குளிர்நாடாயின், குளிர்கால டயர்களுக்கான தனிச் செலவு
- ஆய்வுக்கூட அளவுக்கும் சாலையில் கிடைக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு

இவற்றையும் பார்க்க

- மின் தானுந்து
- உள் எரி பொறி
- மின்கலம்
- தென்காசி மாவட்டம்