ஜித்தாவின் முருகைக்கல் மாளிகை: பைத் நஸீஃப்

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் போய்வருகிற எங்கட மக்களில் பெரும்பாலானோருக்கு ஜித்தா என்றால் விமான நிலையம்தான். அங்கே இறங்கி, பஸ்ஸில் ஏறி, மக்காவுக்கோ மதீனாவுக்கோ போய்விடுவார்கள். கப்பல் காலத்து ஹாஜிகள் கண்ட ஜித்தா வேறு. துறைமுகத்தில் இறங்கியவர்கள் ஊருக்குள் தங்கி, பயணத்துக்கு வேண்டியதைப் பார்த்துக்கொண்டுதான் மக்காப் பாதையில் கால் வைத்தார்கள். கடலிலிருந்து பார்க்கையில் வெள்ளை வெளேரென்று உயர்ந்து நின்ற வீடுகள்தான் அவர்கள் கண்ட முதல் ஹிஜாஸ்.

அந்த வீடுகளில் இன்றைக்கும் தலைநிமிர்ந்து நிற்பது பைத் நஸீஃப். பழைய நகரான அல்-பலதில், ஸூக் அல்-அலவி என்ற கடைத்தெருவில் இருக்கிறது. 1872 இல் கட்டத் தொடங்கி 1881 இல் முடித்தார்கள். கட்டுவித்தவர் உமர் நஸீஃப் எஃபெந்தி. ஜித்தாவின் செல்வந்த வணிகக் குடும்பத்தவர். மக்கா ஷரீபின் பிரதிநிதியாக ஊர் நிர்வாகத்திலும் கைவைத்திருந்தவர்.

கட்டிய காலத்தைக் கவனிக்க வேண்டும். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869 இல். அதன் பிறகு நீராவிக் கப்பல்கள் செங்கடலில் பெருகின. சரக்கும் பெருகியது, ஹாஜிகளும் பெருகினார்கள். அந்த வருமானம்தான் ஜித்தாவில் மாடமாளிகைகளாக எழும்பியது. பைத் நஸீஃப் அவற்றில் ஒன்று.

கடலில் விளைந்த கல்

நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட இந்தப் பல அடுக்கு மாளிகையின் சுவர்களில் இருப்பது மலைக்கல் அல்ல, முருகைக்கல். இந்தச் சொல்லை எங்கட கரையோர வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெற்கிலே சூளை வைத்துச் சுண்ணாம்பாக எரித்தார்களே, அதே கல். காலிக் கோட்டை மதில்களிலும் யாழ்ப்பாணக் கோட்டையிலும் அந்நியர் அடுக்கியதும் இதைத்தான். ஜித்தாக்காரர்கள் செங்கடலின் பார்களிலிருந்து வெட்டியெடுத்து, சதுரமாகச் செதுக்கி, களப்புச் சேற்றைச் சாந்தாக வைத்துச் சுவர் எழுப்பினார்கள்.

முருகைக்கல்லில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வில்லங்கமும் உண்டு. துளை நிறைந்தது, பாரம் குறைந்தது. வெயிலின் சூட்டை இலகுவில் உள்ளே விடாது. ஆனால் மென்மையானது. உப்புக்காற்றும் நிலத்தின் ஈரமும் சேர்ந்தால் மெல்ல மெல்ல உதிரும். நாலைந்து மாடிப் பாரத்தை அதன் தலையில் மட்டும் ஏற்றிவிட முடியாது. கொத்தனார்கள் கண்ட வழி எளிமையானது. குறித்த உயரத்துக்கு ஒருமுறை சுவருக்குள் மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்தார்கள். 'தக்காலீல்' என்பது அதன் பெயர். மேலிருந்து வரும் பாரத்தை அந்தச் சட்டங்கள் சுவர் முழுக்கப் பகிர்ந்துவிடும். நிலம் கொஞ்சம் இறங்கினாலும் வெடிப்பு ஓரிடத்தோடு நின்றுவிடும். சுவரின் வெளிப்பக்கம் சுண்ணச்சாந்து பூசி வெள்ளையாக்கினார்கள். அழகுக்கு மாத்திரமல்ல, கல்லுக்குப் போர்வையும் அதுதான். பூச்சு உதிர்ந்த வீட்டின் கல்லும் பின்னாலேயே உதிரத் தொடங்கும்.

சுவர் கடல் தந்தது என்றால் மரம் எங்கள் சமுத்திரம் தந்தது. ஜித்தாவில் மரமேது? இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் தேக்கு கப்பலேறி வந்தது. தெருவை நோக்கி நீண்டு நிற்கும் 'ரோஷன்' என்ற பெரிய மரப் பலகணிகள் அந்தத் தேக்கில் இழைத்தவை. அவற்றின் சட்டங்களுக்கிடையே கடற்காற்று நுழையும். உள்ளே மண்கூஜாவில் தண்ணீர் வைத்தால் காற்றும் குளிரும், தண்ணீரும் குளிரும். வீட்டுப் பெண்கள் அங்கே அமர்ந்து தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. பர்தாவும் காற்றோட்டமும் ஒரே தச்சு வேலையில் கைகூடியிருக்கின்றன. கீழ்த்தளம் விருந்தாளிகளுக்கும் வியாபாரத்துக்கும், மேல்தளங்கள் குடும்பத்துக்கு, மொட்டைமாடி கோடையிரவுத் தூக்கத்துக்கு என்று அந்நகர வீடுகளில் ஒரு ஒழுங்கு இருந்தது.

பைத் நஸீஃபின் படிக்கட்டு இன்னொரு விசேஷம். படிகள் தாழ்வாகவும் அகலமாகவும் சாய்தளம் போல ஏறிப் போகின்றன. மேல்மாடிச் சமையலறைக்குச் சாமான் சுமந்துகொண்டு ஒட்டகமே ஏறிப்போகும் என்று ஜித்தாவில் கதை சொல்லுவார்கள்.

வாசலில் ஒரு வேம்பு

வாசலின் இடப்பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. வித்து இந்தியாவிலிருந்து வந்தது என்பது வழக்கு. 1920 கள் வரை பழைய ஜித்தாவுக்குள் இருந்த ஒரே மரம் இதுதான் என்று சொல்லப்படுகிறது. அதனால் 'மரம் நிற்கிற வீடு' என்றால் யாரும் வழி காட்டுவார்கள். எங்கட பக்கம் வேம்பு இல்லாத வளவைத் தேடவேண்டும். ஜித்தாவிலோ அது செல்வத்தின் அடையாளம். ஏனென்றால் அந்த ஊரில் குடிக்கத் தண்ணீரே தட்டுப்பாடு. தொட்டியில் மழைநீரைச் சேமித்தும், வெளியிலிருந்து வருவதைக் காசுக்கு வாங்கியும் வாழ்ந்த மக்கள் அவர்கள். அங்கே ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற முடிந்த வீடென்றால், அது எப்படிப்பட்ட வீடாக இருக்க வேண்டும்! பிற்காலத்தில் அரபா வெளியில் ஆயிரக்கணக்கான வேம்புகளை நட்டார்கள். அதன் நிழலில் ஒதுங்கிய எங்கட ஹாஜிகள் பலர்.

மன்னரும் புத்தகங்களும்

உமர் எஃபெந்திக்குப் பின் வீட்டின் பெயரை விளங்கச் செய்தவர் அவருடைய பேரர் ஷெய்க் முஹம்மத் நஸீஃப் (1885–1971). அவர் காலத்தில் ஹிஜாஸின் ஆட்சியே மாறியது. 1924 ஒக்டோபரில் ஷரீப் ஹுஸைன் பதவி துறந்தார். மகன் அலி ஜித்தாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1925 டிசம்பரில் நகரம் பணிந்தது. உள்ளே வந்த அப்துல் அஸீஸ் இப்னு ஸஊத் தங்கியது பைத் நஸீஃபில்தான். அடுத்த மாதம் மக்காவில் அவர் ஹிஜாஸின் மன்னராக அறிவிக்கப்பட்டார். ஆரம்ப வருடங்களில் ஜித்தாவுக்கு வரும்போதெல்லாம் இந்த வீடே அவருடைய அரச இல்லமாக இருந்தது. விருந்தினரையும் இங்கேதான் சந்தித்தார்.

சுற்றுலாக் கையேடுகள் இந்தச் செய்தியோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால் வீட்டின் பெரிய காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. முஹம்மத் நஸீஃப் புத்தகப் பித்தர். எகிப்தின் ரஷீத் ரிழா போன்ற அறிஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அச்சு நூல்களும் கையெழுத்துப் பிரதிகளுமாகச் சேர்த்துச் சேர்த்து ஏறத்தாழ 16,000 நூல்கள் வீட்டில் நிறைந்தன. அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. வீட்டுக்கு வருகிற எவரும் உட்கார்ந்து வாசிக்கலாம். பொது நூலகங்கள் அரிதாயிருந்த ஊரில் அந்த வீடே நூலகமாயிற்று. பின்னர் அந்நூல்கள் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ராபிதாவின் செயலாளர் நாயகமாகவும் இருந்து எங்கள் நாட்டவருக்கும் அறிமுகமான கலாநிதி அப்துல்லாஹ் உமர் நஸீஃப் இதே குடும்பத்தவர்.

உதிர்ந்தவையும் மிஞ்சியவையும்

பைத் நஸீஃபின் அதிர்ஷ்டம் அதன் அயல் வீடுகளுக்கு இருக்கவில்லை. 1947 இல் நகர மதில் இடிக்கப்பட்டது. எண்ணெய்ச் செல்வம் வந்ததும் பழைய குடும்பங்கள் குளிரூட்டிய புதுவீடுகளுக்குப் போயின. மாளிகைகள் அறை அறையாக ஏழைத் தொழிலாளருக்கு வாடகைக்குப் போயின. பூச்சு உதிர்ந்து கல் கரைந்தது. பல நெருப்புக்கு இரையாயின. மிஞ்சியவற்றைக் காக்கும் முயற்சி 1970 களில் தொடங்கியது. 2014 இல் 'வரலாற்று ஜித்தா: மக்காவின் வாசல்' யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பைத் நஸீஃப் அரும்பொருளகமாயிற்று.

மன்னர் தங்கிய வீடென்பதால் அது பிழைத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கட்டியவர் யார், மரத்தை வைத்தது ஏன், புத்தகங்கள் எங்கே போயின என்ற விபரமெல்லாம் இன்று நமக்குக் கிடைப்பது அந்த மக்கள் எழுதி வைத்ததால். காலிக் கோட்டையிலும் பேருவளையிலும் கிழக்குக் கரையிலும் எங்கட மூத்தவர்களின் பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் நிற்கின்றன. எந்த ஊர்க் கொத்தனார் கட்டினார், கதவுக்குப் பலகை எங்கிருந்து வந்தது, முன்மண்டபத்தில் யார் யார் ஓதிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல மூத்தம்மாமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். வீட்டை உடைத்துக் கொங்கிரீட் போடுவது அவரவர் வசதியையும் தேவையையும் பொறுத்த விஷயம். அதைக் குறைசொல்ல வரவில்லை. உடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி அளவெடுத்து, படமெடுத்து, அலுமாரியில் கிடக்கிற பழைய உறுதிகளையும் அறபுத் தமிழ்க் கிதாபுகளையும் வெளியே எடுத்து வைத்து, மூத்தம்மா சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டால் போதும். அதற்கு மாளிகையும் வேண்டாம், மன்னரும் வேண்டாம்.