இராவணன் கோட்டையில் ஔரங்கசீப்பின் நாணயம்

வரலாறு என்றதும் எமது பிள்ளைகள் கோட்டைகளையும் அரண்மனைகளையும்தான் நினைக்கிறார்கள். எமது நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி கடலுக்கடியில் கிடந்தது என்றால் வியக்கிறார்கள்.

கிரிந்தைக்கு அப்பால் நடுக்கடலில் ஒரு பாறைத்தொடர் உண்டு. சிங்களத்தில் மகா ராவணா கோட்டுவ; ஆங்கிலத்தில் கிரேட் பாசஸ். 1873 இல்தான் அங்கே வெளிச்சவீடு எரியத் தொடங்கியது. அதற்கு முன் இருட்டில் அவ்வழியே வந்த கப்பல்களின் கதி அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் கல்லின் பாரத்தில் இறங்கி, ஒரே மூச்சில் மேலே வந்தார்கள். 1943 இல் பிரான்ஸில் கூஸ்தோவும் காக்னானும் காற்றுச் சிலிண்டரோடு இயங்கும் சுவாசக் கருவியை உருவாக்கிய பிறகு பவளப்பாறைகளுக்கிடையே நின்று பார்ப்பது மனிதனுக்கு எளிதானது. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்தக் கருவியோடு இலங்கைக்கு வந்தார்கள். எமது நாட்டுச் சுழியோடி ரொட்னி ஜொங்க்லாஸும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

1961 இல் வில்சன் இரு அமெரிக்கச் சிறுவர்களுடன் கிரேட் பாசஸில் சுழியோடியபோது பழைய பீரங்கிகளைக் கண்டார். அருகே கட்டி கட்டியாக வெள்ளி நாணயங்கள். பொதிந்திருந்த பைகள் உக்கிப்போக, நாணயங்கள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. அவற்றில் பாரசீக எழுத்தில் ஔரங்கசீப்பின் பெயர், சூரத் அக்கசாலை, ஹிஜ்ரி 1113, அதாவது 1701-1702. முகலாயர் துறைமுகத்து வெள்ளி எமது கடல்வழியே போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அதே கருவி இன்னொரு கதவையும் திறந்தது. பாறை இடுக்குகளில் வாழும் பெரிய கலவாய் மீன்கள் மனிதனைக் கண்டு ஓடவில்லை. கிட்ட வந்து பார்த்தன. ஈட்டியோடு இறங்கியவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. கலவாய் மெதுவாகவே வளரும். அதன் பல இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெருத்த பின்பே ஆணாக மாறுகின்றன. பெரியதைக் குத்தினால் அந்தப் பாறையின் அடுத்த தலைமுறையே குறைகிறது. ஈட்டி மீன்பிடி இன்று எமது நாட்டில் தடை. ஆனால் 1998 இல் கடல்நீர் சூடேறி ஹிக்கடுவையின் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தன. பாறை மடிந்தால் மீனுக்கு வீடில்லை.

வெள்ளி நாணயம் இரண்டரை நூற்றாண்டு உப்புநீரில் கிடந்தும் எம்மிடம் வந்து சேர்ந்தது. உயிருள்ளவை அப்படிக் காத்திருக்கமாட்டா. புறாத்தீவுக்கோ ஹிக்கடுவைக்கோ சுற்றுலா போகும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்: பவளத்தின் மேல் கால் வைக்காதே, ஒரு துண்டையும் பையில் போடாதே. அது எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.