கடை வாசலும் உடலும்: வாடிக்கையாளரை மறுக்கும் உரிமைக்கு இலங்கைச் சட்டம் இட்ட எல்லை

பணம் கொடுத்துப் பொருள் வாங்க வரும் ஒருவரை வணிக நிலையம் திருப்பி அனுப்பலாமா என்ற வினா, இலங்கையின் வடபுலத்தில் முதலில் எழுந்தது சாதியை முன்னிட்டேயன்றி உடலை முன்னிட்டன்று. யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு உள்ளே இருக்கை தராமல், போத்தலிலோ தகரப் பேணியிலோ தேநீரை வெளியே நீட்டிய வழக்கத்தைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை முதலான அமைப்புகள் எதிர்த்துப் போராடிவந்த சூழலில், 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அத்தகைய மறுப்பைக் குற்றமாக்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12(3)ஆம் உறுப்புரையில், இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் கடை, உணவகம், விடுதி, களியாட்ட இடம் ஆகியவற்றினுள் நுழைவதை எவருக்கும் தடுக்கலாகாது என்றது. உடல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனினும் பெரிய இடைவெளி ஒன்று உண்டு: அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாட 126ஆம் உறுப்புரை வழிவிடுவது ஆட்சித்துறையின் அல்லது நிர்வாகத்தின் செயலுக்கு எதிராக மட்டுமே என்பதால், தனியார் கடைக்காரரின் மறுப்பு அந்த வழியில் அகப்படுவதில்லை.

உடல் சட்டத்தினுள் நுழைந்தது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகவே. பொதுமக்கள் கட்டணம் செலுத்தியோ செலுத்தாமலோ செல்லக்கூடிய எந்தக் கட்டடத்திலும் இடத்திலும் உடற்குறையைக் காரணம் காட்டித் தடை விதிக்கலாகாது என்ற அதன் 23ஆம் பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்துவதோடு, பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றில் நிவாரணம் கோரவும் அச்சட்டம் இடமளிக்கிறது. இதன் கீழ் 2006இல் வெளியான அணுகல் ஒழுங்குவிதிகள், அதாவது சாய்தளம், வாசல் அகலம், மலசலகூடம் முதலியவற்றை வரையறுக்கும் விதிகள், ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் அளித்தன.

வன்னியைப் பொறுத்தவரை இந்தக் கால ஒழுங்கு கவனத்துக்குரியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு நகரங்களின் இன்றைய கடைத்தொகுதிகளும் வங்கிக் கிளைகளும் பெரும்பாலும் 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், மீள்குடியேற்றத்தோடு எழுந்தவை. ஆகவே பழைய கட்டடம் என்ற சாக்கு அவற்றுக்குப் பொருந்தாது. புதிய பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளுக்கு இணங்கியே அமைய வேண்டுமென 2011 ஏப்ரலில், கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் கட்டளையும் இட்டது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கான ‘உயிரிழை’ அமைப்பு மாங்குளத்தில் இயங்கும் அளவுக்குப் போர்க்காயம் பரவிய நிலத்தில், சாய்தளமின்றி மூன்று படி உயர்த்திக் கட்டிய கடை முகப்பு, “உள்ளே வராதே” என்று வாய்திறந்து சொல்லாத மறுப்பாகிறது.

உடற்பருமன் இந்தப் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறது. வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்ற இயலாதவரே மாற்றுத்திறனாளி என 1996ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுப்பதால், தன் வேலையைத் தானே பார்க்கும் பருத்த உடலினர் ஒருவரை பஸ் நடத்துநர் ஏற்ற மறுத்தாலோ, இரண்டு இருக்கைக்குக் காசு கேட்டாலோ, அவர் இச்சட்டத்தை நாடுவது அரிது. புலம்பெயர்ந்த வன்னி உறவினர் பலர் வாழும் கனடாவிலும் இயலாமை என்ற வாசல் வழியாகவே தீர்வு வந்தது: உடற்பருமனால் இயலாமை உற்றவருக்கு உள்நாட்டு விமானத்தில் இரண்டாம் இருக்கைக்குக் கட்டணம் வாங்கலாகாது என அந்நாட்டுப் போக்குவரத்து முகமை 2008இல் தீர்ப்பளித்தது. நியூயோர்க் மாநகரம் 2023இல் உயரத்தையும் எடையையும் நேரடியாகவே பட்டியலில் சேர்த்து, வேலை, குடியிருப்பு, பொதுச் சேவை மூன்றிலும் பாகுபாட்டைத் தடுத்தது. பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கும் இந்த முறை, 12(3)ஆம் உறுப்புரையை எழுதியவர்கள் கையாண்ட அதே முறைதான். ஆயினும் அங்கே முறையீட்டைக் கேட்க ஓர் ஆணைக்குழு இருக்கிறது, 12(3)இன் கீழ் தனியார் கடைக்கு எதிராக அவ்வாறான வழி அமைக்கப்படவில்லை.